விளம்ப காலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்

சால்வை போர்த்தப் போகிறார் என்று நினைத்துக் கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தேன். தேவகோட்டைச் செட்டியார் சால்வைப் பக்கமே திரும்பவில்லை. என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு அழைத்துப் போய், மேலே கிடந்த கோணிப்பைகளை விலக்கி, ஒரு மோட்டார் சைக்கிளைக் காட்டினார்.

"மகன் ஆசைப்பட்டு வாங்கினான். இப்பச் சைகோனுக்குக் கப்பலேறிட்டான். இங்கே காக்காதான் இதும்மேல உக்காந்து எச்சம் போடுது. உங்க கடத்துக்கு இதுதான் சன்மானம். எடுத்துக்கிடுங்க" என்றார்.

அன்றைய கல்யாணக் கச்சேரியில் பாடினவருக்குப் பொன்னாடை, பிடில்காரருக்கு மோதிரம், மிருதங்கத்துக்கு வெள்ளித் தட்டு. கடைசியில் உட்கார்ந்து பானை தட்டினவனுக்கு மோட்டார் சைக்கிள்! கூட வந்த வித்வான்கள் ரயிலில் எழும்பூர் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்காகவே அதை வாங்கிக்கொண்டேன் என்று கூடச் சொல்லலாம். ஓட்டத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியும் என்று சொல்லியிருப்பேன். என் சுபாவம் அப்படி.

என் பெயர் வேம்பு. மயிலாப்பூரில் கடம் வாசிக்கிறவன். பெயருக்கு ஏற்ற வாய் என்று என் மனைவி காமாக்ஷி சொல்லுவாள். கடம் என்றால் தண்ணீர் பிடிக்கிற குடம்தான். களிமண்ணைக் கொஞ்சம் கனமாகப் பிடித்துச் சுட்டது. அதன் வாயை வயிற்றோடு அணைத்துக்கொண்டு விரலால் வாசிக்க வேண்டும். குடத்தைப் பற்றித் தமிழில் எத்தனை பழமொழி உண்டோ அத்தனையும் என் தலையில்தான் வந்து விழும். யாராவது 'நிறைகுடம்' என்று ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும்.

காமாக்ஷி பாட்டுக் குடும்பத்தில் பிறந்தவள். நான் கூடத்தில் சாதகம் செய்யும்போது அவள் உள்ளே அரிசி களைந்துகொண்டே, "ஓடறேள்" என்பாள். அவ்வளவுதான், ஒரே வார்த்தை. எடுத்த வேகத்தை முடிவுவரை பிடித்து நிற்பதற்குக் காலப்பிரமாணம் என்று பெயர். நடையாக ஆரம்பித்தது முடியும்போது ஓட்டமாகிவிட்டால் அது தாளக்காரனுக்குப் பெரிய பாவம். கொலைக்குக் கொஞ்சம் கீழே. என் கை ஓடுகிறது என்பது அவள் கட்சி. மற்றவர்கள் இழுக்கிறார்கள் என்பது என் கட்சி. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வந்தபாடில்லை. கச்சேரிக்கு வந்தால் நான் எங்கெங்கே ஓடுகிறேன் என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பாளே என்ற பயத்தில், ஏதாவது சாக்குச் சொல்லி அவளை வீட்டோடு நிறுத்திவிடுவேன்.

வண்டி சரக்கு ரயிலில் வந்து இறங்கியது. அதை எழும்பூரிலிருந்து எடுத்து வந்தவன் ஷரஃபுதீன். திருவல்லிக்கேணிக்காரன், என் வயசு, மவுண்ட் ரோடில் ஒரு மோட்டார் கடையில் வேலை. பாட்டென்றால் பைத்தியம். என் கச்சேரி எங்கே நடந்தாலும் பந்தல் கால் ஓரமாக நின்று தலையாட்டுவான். வண்டியை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு ஒரு சுற்று வந்து பார்த்தான்.

"சாமி, உனக்கோசரமே செஞ்ச மாரி கீது. பச்சக் கொயந்த கூட ஓட்டும்."

"ரேஸ் வண்டி இல்லையா?" என்றேன், கொஞ்சம் ஏமாற்றமாக.

"ரேஸா? இத்த நீ அட்ச்சித் தொரத்தனாலும் ஓடாது நைனா. ராஜா மாரி குந்திக்கினு போய்க்கினே இருக்கலாம்."

உள்ளேயிருந்து காமாக்ஷி சிரிக்கிற சத்தம் கேட்டது. ஓடாத ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது என்ற சந்தோஷம் அவளுக்கு.

பொறுமையாகச் சொல்லுகிறேன், ஏனென்றால் இந்த வண்டிக்கு அந்த மரியாதை தர வேண்டும். முதல்முதலாக ஏறுகிறவனுக்கு இதைவிட இரக்கமுள்ள வாகனம் கிடையாது. ஆசனம் அவ்வளவு தாழ்வு. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படும். பயந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? கைப்பிடி இரண்டும் மாட்டுக் கொம்பு மாதிரி அகன்று, பின்னால் வளைந்து, நம் கையைத் தேடி வரும். குனியவும் வேண்டாம், எட்டிப் பிடிக்கவும் வேண்டாம். கால் வைக்கப் பலகை. ஆசனத்துக்கு அடியில் பெரிய பெரிய சுருள்வில். மாட வீதிக் குழியில் சக்கரம் இறங்கின செய்தி முதுகுக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும். பின்னால் இன்னொருவர் உட்கார, அதே மாதிரி வில் வைத்த ஒரு சின்ன மெத்தை. கனம் என்னவோ கோவில் காளைக் கனம்தான். நிற்கும்போது அது சாய்ந்தால் நாமும் கூடச் சாய வேண்டியதுதான். ஆனால் நகர ஆரம்பித்துவிட்டால் அந்தக் கனமே அதை நேராக நிறுத்தி வைக்கிறது.

சத்தத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். உதைத்துக் கிளப்பினால் 'டுக்... டுக்... டுக்...' என்று ஒவ்வொரு அடியையும் யோசித்து அடிக்கும். வேகம் கொடுக்க வலது கையில் ஒரு முறுக்குப்பிடி. அதைத் திருகினாலும் பதறாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி போவோம் என்று கிளம்பும். பிரேக்தான் ஒரு குறை. பிடித்தால் நிற்கும் என்று சொல்ல முடியாது; நிற்கச் சம்மதிக்கும். பஞ்சகச்சம் கட்டாமல் ஏறினால் வேட்டியைச் சங்கிலி தின்றுவிடும். முதல் நாளே ஒரு முழம் தின்றது.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரத்தைப் பெட்ரோல் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவராதே என்று ஷரஃபுதீன் கத்த, தூரத்திலிருந்தே காட்டிப் பூஜை முடித்தோம். பழத்தை நசுக்கிக்கொண்டு முன்னால் போவது சம்பிரதாயம். நான் கிளப்பின லட்சணத்தில் வண்டி பழத்தின்மேல் ஏறி அங்கேயே அணைந்துவிட்டது. தெருவே கூடிச் சிரித்தது. எலுமிச்சம்பழம் கெட்டி என்றேன்.

தினம் விடிந்ததும் கடற்கரை ரோடில் பழக்கம். ஷரஃபுதீன் பின்னால் உட்கார்ந்துகொண்டு கத்துவான். கிளட்சும் கியரும் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பத்து விரலையும் தனித்தனியாக வேலை வாங்கத் தெரிந்தவனுக்கு அதெல்லாம் பெரிய வித்தையா? வந்த வினை வேறு.

எனக்குக் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. தூக்கத்திலும் தாளம் போடுகிறவன். ஆதி தாளம் எப்படி என்றால், ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. வீச்சு என்றால் உள்ளங்கையைத் திருப்புவது. காற்று முகத்தில் பட்டதும் நான் வாய்க்குள் ஏதாவது முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவேன். முணுமுணுத்தால் வலது கை தாளத்தில் இறங்கும். வீச்சு வருகிற இடத்தில் மணிக்கட்டு திரும்பும். அதோடு முறுக்குப்பிடியும் திரும்பும். வண்டி முதலில் பொறுத்துப் பார்த்தது. பிறகு அதுவும் வீச்சுக்கு வீச்சு பாய ஆரம்பித்தது. தாளம் ஒரு சுற்று வந்தால் ஓர் ஆவர்த்தனம். ஓர் ஆவர்த்தனத்துக்கு இரண்டு பாய்ச்சல்.

"இன்னா சாமி, வண்டி தவள கணக்கா எகிறிக்கினு போவுது?"

"ரோடு சரியில்லை."

"ரோடு நல்லாதான் கீது. உன் கைதான் சரியில்ல."

நொச்சிக்குப்பத்து ஓரத்தில் தேசம்மா என்று ஒருத்தி கூடையை வைத்துக்கொண்டு மீன் விற்பாள். நான் எகிறி எகிறி வருவதைப் பார்த்ததும் கூடையை இழுத்து மடியோடு அணைத்துக்கொள்ளுவாள்.

"யோவ் அய்ரே, ஒதுங்கிப் போ! என் மீனு ஒருதபா செத்தது போதும்! நீ வண்டிய ஓட்றியா, வண்டி உன்ன இட்டுக்கினு போவுதா?"

நான் திருப்பிக் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. அவள் அதற்குக் கொடுத்த பதிலை எங்கேயும் எழுத முடியாது.

முணுமுணுப்பதை நிறுத்திப் பார்த்தேன். வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு பார்த்தேன். பாட்டு நின்றால் இஞ்சினே 'டுக் டுக்' என்று எடுத்துக் கொடுக்கும்; கை அதற்குத் தாளம் போடும். இது போதாதென்று ஷரஃபுதீன் ஒரு நாள் கேட்டான்: "சாமி, கெளம்பசொல்ல சாதுவா கெளம்புற. மாதாகோயில் வர்றதுக்குள்ள பேய் மாரி போற. தெரிஞ்சிதான் போறியா?"

"வேகமாகவா போனேன்?"

"அதானே பார்த்தேன். உனக்கே தெரியல."

இதையே வீட்டில் ஒருத்தி வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் மிருதங்கம் சுவாமிநாதன் வந்து அந்தச் செய்தியைச் சொன்னான். தை மாதத்தில் தியாகராய நகரில் ஒரு பெரிய கல்யாணம். பாட்டு, கங்காதர பாகவதர். சுவாமிநாதன் சிபாரிசு பண்ணி, அவர் என்னை வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்.

கங்காதர பாகவதர் விளம்ப காலத்துக்குப் பேர் போனவர். அவ்வளவு நிதானமாகப் பாடுவார். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் பயந்தவன் செத்துப்போவான். அந்த இடைவெளியில் ஓடாமல் நிற்கத் தெரியவில்லை என்று இரண்டு கடக்காரர்களைப் பாதிக் கச்சேரியில் எழுப்பி அனுப்பியிருக்கிறார்.

"நன்னா கேட்டுக்கோ வேம்பு" என்றான் சுவாமிநாதன். "கடம் ஓடாம நின்னா, ராமநவமிக் கச்சேரி முழுக்க, அடையாறுலேர்ந்து கும்பகோணம் வரைக்கும் உன்னைத்தான் அழைச்சுண்டு போவார். ஓடித்துன்னா, இனிமே அவர் மேடையில கடமே கிடையாதாம். உனக்கு மட்டுமில்லை, யாருக்கும்."

"நானா ஓடறவன்?" என்று கேட்டேன். சுவாமிநாதன் கூரையைப் பார்த்தான். அவன் போனபிறகு உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. கடக்காரனுக்கு நல்ல மேடை கிடைப்பது குதிரைக்கொம்பு. இது போனால் கடைசி வரைக்கும் யாராவது கூப்பிட மாட்டார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

பாகவதர் சுருதிக்குச் சேருகிற கடம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு, மானாமதுரையில் சுட்டது. ஜட்காவில் ஏற்றினால் உடைந்துவிடும்; இரண்டு கடம் அப்படிப் போயிருக்கிறது. டிராமில் ஒரு கடத்தின்மேல் ஒரு பருத்த மனுஷர் உட்கார்ந்தேவிட்டார். மோட்டார் சைக்கிளின் சுருள்வில் ஆசனத்தில், பின்னால் ஒரு ஆள் மடியில் வைத்துக்கொண்டால்தான் அது முழுசாகப் போய்ச் சேரும். ஷரஃபுதீன் மடியில் வைத்துக்கொள்ளுவதாக ஏற்பாடு. கச்சேரியன்று மத்தியானம் பார்த்தால் ஆளைக் காணோம். கடை முதலாளி அவனை அரக்கோணத்துக்கு அனுப்பிவிட்டாராம்.

நான் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து ஷரஃபுதீனையும் அவன் முதலாளியையும் அரக்கோணத்தையும் திட்டித் தீர்த்தேன். திரும்பிப் பார்த்தால் காமாக்ஷி பட்டுப்புடவையும் பூவுமாக நிற்கிறாள். கடம் பழம்புடவையில் சுற்றி அவள் இடுப்பில் இருந்தது.

"கடத்தை நான் மடியில வெச்சுக்கறேன். கிளம்புங்கோ."

"நீயா? மோட்டார் சைக்கிள்லயா? மாட வீதில நாலு பேர் என்ன சொல்லுவா?"

"அந்த நாலு பேரா கடத்தைத் தூக்கிண்டு வரப்போறா?"

"கச்சேரிக்கும் வருவியோ?"

"பின்னே, வாசல்ல வண்டிக்குக் காவல் இருப்பேனா?" என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள். "பயப்படாதேங்கோ. நீங்க ஓடினா ஒரே ஒரு தடவை இருமறேன். புரிஞ்சுண்டு பிடிச்சுக்கோங்கோ. வேற யாருக்கும் தெரியாது."

வேறு வழி இல்லை. ஏறி உட்கார்ந்தேன். அவள் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, கடத்தை மடியில் வைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். மாட வீதியில் ஒரு ஜன்னல் பாக்கியில்லை, எல்லாம் திறந்தது. எதிர்வீட்டு வக்கீல் சுதேசமித்திரனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். காமாக்ஷி அவர் பக்கம் திரும்பி, மாமி சௌக்கியமா என்று விசாரித்தாள்.

லஸ் முனையில் டிராம் தண்டவாளம். சக்கரம் அதற்குள் இறங்கிவிட்டால் தொலைந்தோம். குறுக்காக வெட்டித் தாண்ட வேண்டும். தாண்டினேன். அகலமான கைப்பிடி சொன்னபடி கேட்டது. மௌபரீஸ் ரோடும் ஒழுங்காகவே போயிற்று. எல்டாம்ஸ் ரோடில் திரும்பினதும்தான் வந்தது விபரீதம். எதிரே ஏதோ அம்மன் கோவில் ஊர்வலம். நாகஸ்வரக்காரர் தலையை ஆட்டி ஆட்டி ஊதுகிறார். தவில்காரனோ வெளுத்துக் கட்டுகிறான். நல்ல கை! கேட்டுவிட்டு எவனால் சும்மா இருக்க முடியும்? தட்டு, வீச்சு. வண்டி பாய்ந்தது. இன்னொரு வீச்சு. இளநீர் வண்டி ஒன்று எங்களை நோக்கி ஓடி வருகிற மாதிரி இருந்தது. பிரேக்கைப் பிடித்தேன், கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். இளநீர்க் குலைக்கு ஒரு சாண் இருக்கும்போது அது சம்மதித்தது.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "உடைஞ்சுதா?" என்றேன்.

"இல்லை."

பார்த்தேன். காமாக்ஷி இரண்டு கையாலும் கடத்தைத் தலைக்குமேலே தூக்கிப் பிடித்திருந்தாள். ஊர்வலத்தில் இருந்தவர்கள் அவளை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நான் இறங்கி நின்று தவில்காரனைத் திட்ட ஆரம்பித்தேன். இந்தக் கையை வைத்துக்கொண்டு விளம்ப காலமாவது, ராமநவமியாவது! எல்லாம் இங்கேயே முடிந்தது என்று தோன்றியது.

"அவா மேல ஏன் எரிஞ்சு விழறேள்?" என்றாள் காமாக்ஷி. "தாளம் உங்க கையில இருக்கற வரைக்கும் வண்டி இப்படித்தான் போகும். அதை என்கிட்ட குடுத்துடுங்கோ."

"எதை?"

"தாளத்தை. நான் போடறேன். நீங்க ஓட்டுங்கோ."

கச்சேரி பழகினவர்களுக்கு இது தெரியும். முன்வரிசையில் யாராவது கெட்டியாகத் தாளம் போட்டால், பாடுகிறவர் தன் கையை மடியில் போட்டுவிட்டு நிம்மதியாகப் பாடுவார். ஒருத்தர் சுமக்கும்போது இன்னொருத்தர் எதற்குச் சுமக்க வேண்டும்? ஆனால் என் தாளத்தை நான் அதுவரை யாரிடமும் கொடுத்ததில்லை. அதுவும் இவளிடமா? ஏறினேன், உதைத்தேன்.

வண்டி நகர்ந்தது. அவள் கை என் தோளில் விழுந்தது. தட்டு. அடுத்த விரலுக்காக நான் காத்திருந்தேன், வரவில்லை. மறந்துவிட்டாளோ என்று நினைத்தபோது மெள்ள வந்தது. அப்புறம் அடுத்தது. அவ்வளவு விளம்பம். என் வலது கை இரண்டு தடவை தவித்தது. பிறகு, வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளுகிறார் என்று புரிந்துகொண்ட மாதிரி, பிடியில் சும்மா இருந்தது. பிறந்ததிலிருந்து அது சும்மா இருந்தது அப்போதுதான்.

அந்த வண்டி எப்படி ஓடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தனை நாளும் அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். தள்ளாமல் விட்டால் அது தானாகப் போகிற போக்கு ஒன்று உண்டு. இஞ்சினின் அடியும் காமாக்ஷியின் கையும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்துச் சேர்ந்துபோயின. மவுண்ட் ரோடைத் தாண்டினோம். தியாகராய நகரில் அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அகல அகலமாகப் புது ரோடுகள், நட்டுக் கொஞ்ச நாளான மரங்கள், செங்கல் குவியல்மேல் ஆடுகள். இந்த வழியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், எதையும் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

"நேரமாறது. கொஞ்சம் விரசாப் போடேன்" என்றேன்.

"பதறாத காரியம் சிதறாது" என்றாள். கை அதே காலத்தில் விழுந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாகவதர் தம்புராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். கடத்தை விரலால் தட்டினேன். சுருதி ஒரு நூல் பிசகவில்லை. காமாக்ஷி பெண்கள் பக்கம் போய்விட்டாள். எங்கே உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. நடுவில் வாழைமரம் கட்டின பந்தல் கால்.

முதல் கீர்த்தனம் ஆரம்பித்தது. நாலு ஆவர்த்தனம் போயிருக்காது, இருமல் கேட்டது. பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் கழித்து இன்னொரு இருமல். இன்னும் பிடித்தேன். மூன்றாவது இருமல் ஆண்பிள்ளை இருமலாக இருந்தது. நாலாவது இருமலுக்குப் பின்வரிசையில் யாரோ பதில் இருமினார்கள். அப்புறம்தான் புத்தியில் பட்டது. தை மாதப் பனி. பட்டணத்தில் சளி பிடிக்காத ஆள் ஏது? பந்தல் முழுக்க இருமிக்கொண்டிருக்கிறது. இதில் காமாக்ஷியின் இருமலை நான் எங்கே போய்த் தேடுவது?

பாகவதர் அடுத்ததாகப் பெரிய பல்லவியை எடுத்தார். இரண்டு தட்டுக்கு நடுவில் ஒரு மைதானம் கிடந்தது. என் விரல் பரபரத்தது. இந்த இடத்தில்தான் மற்ற இரண்டு பேரும் ஓடியிருப்பார்கள் என்று தெரிந்தது; நானும் ஓடத்தான் போகிறேன் என்றும் தெரிந்தது. இருமலுக்குக் காது கொடுப்பதை விட்டேன். தோளில் அவள் கை விழுந்த இடம் இன்னும் கதகதப்பாக இருந்தது. அடுத்த விரலுக்காகக் காத்திருந்தேனே, அதே மாதிரி காத்திருந்தேன். வந்தது. வந்தபிறகுதான் வாசித்தேன்.

அதற்குமேல் எனக்கு அதிகம் ஞாபகம் இல்லை. சுவாமிநாதன் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில் நாங்கள் இரண்டு பேரும் முடித்துக் கொடுத்தபோது பாகவதர் பல்லவியைப் பிடித்துக்கொண்டார். அவர் விட்ட வேகம் விட்டபடியே இருந்தது. தாளம் போடுகிற தன் கையை அவர் எப்போதோ மடியில் வைத்துவிட்டிருந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மங்களம் பாடினார். எழுந்து போகும்போது என் முன்னால் நின்றார்.

"ஓய் வேம்பு, ராமநவமிக்கு வேற எங்கேயும் ஒத்துக்காதீர்" என்றார். போய்விட்டார்.

சுவாமிநாதன் என்னைக் கட்டிக்கொண்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். காமாக்ஷி வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ராமநவமியைச் சொன்னேன். தலையாட்டினாள். அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"எத்தனை தடவை இருமினே?" என்றேன். "உள்ளதைச் சொல்லு."

"நான் இருமவேயில்லை."

"அப்போ நான் ஓடவேயில்லையா?"

"தெரியல்லை."

"தெரியல்லைன்னா? அதுக்குத்தானே வந்தே?"

"முதல் பாட்டு வரைக்கும் எண்ணிண்டிருந்தேன்" என்றாள். "அப்புறம் கேட்டுண்டே இருந்துட்டேன். எண்ணணும்னே தோணல்லை." தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாகவதர் சொன்னபோது எனக்குத் தலை வீங்கியது. இவள் சொன்னபோது அழுதுவிடுவேன் போலிருந்தது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"அப்போ இத்தனை வருஷமா ஓடறேன் ஓடறேன்னது பொய்தானே?"

"அது நிஜம்தான்" என்றாள். "நாளைக்கு ஓடினாலும் சொல்லுவேன். கடத்தைக் குடுங்கோ."

கொடுத்தேன். ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பினதும் அவள் கை என் தோளுக்கு வந்தது. தாளம் போடவில்லை, அங்கேயே இருந்தது. நானும் ஒன்றும் எண்ணவில்லை. மவுண்ட் ரோடு வந்தது, லஸ் வந்தது. கச்சேரி ரோடில் பாதியில் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு பேரில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. சாந்தோமில் ரோடு முடிந்து எதிரே கடல் தெரிந்தபோதுதான் வண்டியை நிறுத்தினேன்.

"நம்மாத்தைத் தாண்டி வந்துட்டோம்" என்றாள் காமாக்ஷி. "திருப்புங்கோ, சமைக்கணும்."

"திருப்பறேன். என்ன அவசரம்?" என்றேன்.

காமாக்ஷி உரக்கச் சிரித்துவிட்டாள். நான் அப்படிச் சொல்லி அவள் அதுவரை கேட்டதே இல்லை.